எழுதாத பேனாக்களும் திரும்பிய வீடுகளும்

கீழச்சாத்தனேரியில் பண்டாரக்குளத் தெருவின் வீடுகள் திரும்பத் தொடங்கிய அந்தக் கார்த்திகை மாதத்தில், சுயம்புக்கனியிடம் முறையிட வந்தவர்களில் ஒருவர்கூட வீடு திரும்புவதைப் பற்றிப் பேசவில்லை. பேனா எழுதவில்லை என்றுதான் சொன்னார்கள்.

கனிக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. தையல் மெஷின் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவள், ஒரு பழைய லேத்தைக் கொண்டுவந்து வீட்டு முன்னறையில் போட்டு மரத்தில் பேனா கடையத் தானாகவே பழகிக்கொண்டாள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். ஓடாத மெஷினோ எழுதாத பேனாவோ கைக்கு வந்துவிட்டால், அது சரியாகிற வரைக்கும் சோறு இறங்காது, பேச்சு ஓடாது, அவளுக்கு இருப்புக் கொள்ளாது. அவள் செய்தது திருகு பேனா: மேல்பாதியைத் திருகினால் ரீஃபிளின் முனை கீழே எட்டிப் பார்க்கும், மறுபடி திருகினால் உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். அந்த வேலையைச் செய்வது மரத்துக்குள் ஒளிந்திருக்கிற விரல்கணு நீளப் பித்தளைத் துண்டு. அதற்குத் திருகி என்று அவளே பெயர் வைத்திருந்தாள்.

தெரு நலச் சங்கத்துக்கு இருபத்தைந்து வருஷம் நிறைந்ததென்று செயலாளர் ஆறுமுகநயினார் வீட்டுக்கொரு பேனா செய்யச் சொன்னார். முப்பத்தோரு வீடு, முப்பத்தோரு பேனா, ஒவ்வொன்றிலும் வீட்டு எண் செதுக்க வேண்டும், பத்தே நாளில் வேண்டும். குளக்கரையில் காற்றில் சாய்ந்த பூவரசை அறுத்து, கடைந்து, தேய்த்து, பசை போட்டு, பத்தாம் நாள் சாயங்காலம் கனி எல்லாவற்றையும் ஒரு ஓலைப்பெட்டியில் அடுக்கிக் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் ஜெபராணி டீச்சர் பிள்ளைகளின் பரீட்சைத் தாளைத் திருத்தப் பேனாவைத் திருகினாள். முனை வரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தித் திருகினாள். அவளுடைய வீடு, கொதித்த உலை அடங்குகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் போட்டுவிட்டு, கிழக்கே பார்த்திருந்தது தெற்கே பார்த்து நின்றது. சன்னலில் எதிர்வீட்டு முருங்கை இருந்த இடத்தில் குளம் இருந்தது. டீச்சர் கொஞ்ச நேரம் குளத்தைப் பார்த்தாள், நல்ல காற்று வருகிறதே என்று நினைத்தாள், பிறகு வேறு பேனாவை எடுத்துத் தாளைத் திருத்தி முடித்து, பூவரசுப் பேனாவோடு கனி வீட்டுக்கு நடந்தாள்.

"கனி, முனை வெளிய வரமாட்டேங்கு. பாரு."

மத்தியானத்துக்குள் பதினொரு பேர் வந்தார்கள், மறுநாளைக்குள் இருபத்தாறு பேர். தெருவில் வீடுகள் கூட்டத்தில் யாரையோ தேடுகிறவர்கள் மாதிரி ஆளுக்கொரு திசையைப் பார்த்து நின்றன.

தெரு அதற்குப் பழகிக்கொள்ள ஒரு வாரம்கூட ஆகவில்லை. கரண்டு ஆபீஸ் லைன்மேன் ஒவ்வொரு வீட்டுக்கும் நாலு சுற்று வயரைத் தொங்கவிட்டுக் கட்டினார், குடிதண்ணீர்க் குழாயை அறுத்து நீள ரப்பர்க் குழாய் மாட்டினார்கள், காலையில் கோலம் போடுகிறவர்கள் கதவைத் திறந்து வாசல் இன்றைக்கு எங்கே விழுந்திருக்கிறதென்று பார்த்த பிறகே கோலப்பொடியைக் கையில் எடுத்தார்கள். வடகம் காயப்போட்டவர்கள் வெயில் போகப்போக வீட்டைத் திருப்பினார்கள். பேச்சுவார்த்தை இல்லாத வீடுகள் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டின. சமாதானமானால் எதிரும் புதிருமாக வந்து நின்றன. தெருவில் பார்த்துக்கொண்டால் "நல்லா இருக்கீயளா" என்று கேட்பது போய், "இன்னைக்கு எங்க பாத்து இருக்கீய" என்று கேட்பது வழக்கமானது. பெண் பார்க்க வெளியூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் ஏழாம் நம்பர் வாசல் என்று நினைத்து ஒன்பதாம் நம்பருக்குள் நுழைந்து, பஜ்ஜி தின்று, அந்த வீட்டுப் பெண்ணைப் பிடித்துப்போய்ப் பூவும் வைத்துவிட்டுப் போனார்கள். தை மாசம் கல்யாணம் நடந்தது, நல்லாத்தான் இருக்கிறார்கள்.

கனிக்கு மட்டும் வீடுகள் கண்ணில் படவில்லை. எழுதாத பேனாக்கள் அவள் மேஜையில் கிடந்தன, அவற்றைப் பார்க்கப் பார்க்க உள்ளங்கை அரித்தது. ரீஃபிள் கட்டையாக இருக்குமோ என்று நீளமான ரீஃபிளை மாட்டிப் பார்த்தாள்; இல்லை. திருகியைக் குழாய்க்குள் ஆழமாக இறக்காமல் விட்டால் முனை வெளியே எட்டாது; அதுவாக இருக்குமோ என்று ஒரு அரிசி அளவு, இன்னொரு அரிசி அளவு என்று அழுத்தி இறக்கினாள். முனை எட்டிப் பார்த்தது, ஆனால் எட்டிப் பார்த்தபடியே நின்றது, திருகினால் உள்ளே போகவில்லை. அவள் திருகிப் பார்த்த ஒவ்வொரு தடவையும் அந்தந்த நம்பர் வீடு தெருவில் திரும்பியது, ஏனென்றால் பேனா எங்கே இருந்தாலும் அதன் வீடு அதற்குக் கட்டுப்பட்டிருந்தது. "கனி, மெல்ல! குளிச்சிட்டு இருக்கேன்!" என்று யாராவது கத்துவார்கள். அவள் காதில் விழாது.

நாலாம் நாள் ஒரு பேனாவின் அடியில் கம்பியைக் கொடுத்துத் தட்டித் திருகியை வெளியே தள்ளி, தையல் மெஷின் ஊசி பார்க்கிற பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். திருகியின் வாயில் கடுகளவு பசை இறுகிக் கிடந்தது. அடுத்ததைத் தட்டினாள், அதிலும் கடுகளவு. மரத்துக்குள் குழாயை ஒட்டிய பசை காய ஒரு முழுநாள் பொறுத்திருக்க வேண்டும். பத்து நாள் கெடு என்ற அவசரத்தில் அவள் அரை நாள்கூடப் பொறுக்கவில்லை. ஈரப் பசை கசிந்து திருகிக்குள் இறங்கி, மேல்பாதியும் கீழ்ப்பாதியும் ஒரே கட்டியாகப் பிடித்துவிட்டது. உள்ளே திரும்ப வேண்டியது திரும்பாமல் போனால், திருகுகிற கை எதைத்தான் திருப்பும், வெளியே இருப்பதைத்தான் திருப்பும். கனி பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தாள். காது சுட்டது. இத்தனை வருஷத்தில் அவள் கையிலிருந்து கெட்ட வேலை ஒன்று வெளியே போனதில்லை. இப்போது ஒரே பெட்டியில் முப்பத்தொன்று போயிருந்தது.

புதுத் திருகி ஒன்றை எடுத்து, பசை படாமல், குழாயில் போட்டிருந்த அளவுக்கோடு வரைக்கும் அழுத்தினாள். பேனா முனையை நீட்டியது, இழுத்துக்கொண்டது, வழுவழுவென்று எழுதியது. அந்தப் பேனாவுக்குரிய வீடு அந்த நொடியில் எங்கே பார்த்திருந்ததோ அங்கேயே நின்றுவிட்டது. அதன்பிறகு எவ்வளவு திருகினாலும் அசையவில்லை.

ஆறுமுகநயினாரைக் கூப்பிட்டுச் சொன்னாள். "தப்பு என்னுது அண்ணாச்சி. எல்லாத்தையும் சரி பண்ணித் தாரேன்."

"சரி பண்ணினா வீடு திரும்பாதாக்கும்?"

"திரும்பாது. எழுதும்."

அவர் மோவாயைத் தடவினார். "ரெண்டும் வேணும்னா?"

"ரெண்டுல ஒண்ணுதான்."

அதனால் பழுது பார்க்கக் கொடுத்தவர்களும் பேனாவைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள்; யாரும் உடனே கொடுத்துவிடவில்லை. கனிக்கு ஒவ்வொரு நாளும் முள்மேல் நிற்பது மாதிரி இருந்தது. வீடு வீடாகப் போய்க் கேட்டாள், "நாளைக்குத் தாரேன்" என்றார்கள். ஆனால் மார்கழி போகப்போகத் தெருவுக்குக் களைப்பு வந்தது. படுக்கும்போது ஒரு திசை, விழிக்கும்போது ஒரு திசை, தலைமாடு எது கால்மாடு எது என்று தெரியாமல் தூக்கம் போயிற்று. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து அடுத்த வீட்டில் சோறு தின்றார்கள். மாடு கட்டின இடம் தெரியாமல் கத்தியது. சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் ஆட்கள் சிடுசிடுத்தார்கள், காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஒவ்வொருவராகத் தங்களுக்குப் பிடித்த பக்கமாக வீட்டைத் திருப்பி வைத்துவிட்டுப் பேனாவோடு வந்தார்கள். ஜெபராணி டீச்சர் குளத்தைப் பார்த்து நின்றுகொண்டாள். ஆறுமுகநயினார் நாலு நாள் யோசித்து, பழையபடி கிழக்கையே பார்த்துக்கொண்டார். தை முடியும்போது முப்பது பேனாக்கள் எழுதின.

முப்பத்தோராவது பேனா பரமார்த்தலிங்கத்தின் கையில் இருந்தது.

அவர் இருபத்தொன்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். கீழச்சாத்தனேரியிலிருந்து மணல்மேட்டுக்கு ஒரு நாளைக்கு ஆறு நடை. நாலு வருஷத்துக்கு முன்னால் படிக்கட்டிலிருந்து விழுந்து முதுகெலும்பு நொறுங்கி, இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாதவராகக் கட்டிலில் கிடந்தார். வீட்டின் முன்னறையில் அவர் மனைவி வடிவின் இரண்டு கிரைண்டர்கள்; அவள் மாவு அரைத்து விற்பதில்தான் வீடு ஓடியது. ஆகவே கட்டில் பின்னறையில்தான் கிடந்தது, அந்த அறையின் ஒரே சன்னல் அரிசி ஆலையின் பின்சுவரைப் பார்த்தது. நாலு வருஷமும் அவர் அந்தச் சுவரைத்தான் பார்த்தார். சுவரில் எத்தனை செங்கல் பூச்சு உதிர்ந்து தெரிகிறதென்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார்.

பேனா வந்த மறுநாள் அவர் அதைத் திருகியபோது, சுவர் நகர்ந்துபோய்ப் பள்ளிக்கூடம் வந்தது. பரமார்த்தலிங்கம் இன்னொரு திருகு திருகினார். மெயின்ரோடு வந்தது, ரோட்டில் ஒரு பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அன்றையிலிருந்து காலை டிபனுக்குப் பிறகு ஆரம்பித்தால் வெயில் சாய்கிற வரைக்கும் திருகிக்கொண்டே இருந்தார். "பள்ளிக்கூடம்! பள்ளிக்கூடம் எறங்குறவங்க முன்னால வாங்க!" என்று அவர் கூப்பிடுவது தெருமுனை வரைக்கும் கேட்கும்.

கனி பேனா கேட்டுப் போனபோதெல்லாம் அவர் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். "எழுதி நான் யாருக்கு லெட்டர் போடப் போறேன்? உன் வேலையப் பாத்துட்டுப் போ தாயி."

வடிவு வாசல்வரை கனியோடு வந்தாள். கிரைண்டர் ஆட்டம் கண்டு ஒரு மூலைக்கு நகர்ந்திருந்தது. சுவரில் முழ நீளத்துக்கு ஒரு விரிசல் ஓடியது. வடிவின் கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. மாவை வழிக்கக் குனிந்தால் தலை சுற்றுகிறது என்று வாயில் எப்போதும் எலுமிச்சைத் தோலை அடக்கியிருந்தாள்.

"தப்பு என்னுதுதான் மைனி," என்றாள் கனி. "அண்ணாச்சிகிட்ட நீங்க சொல்லக்கூடாதா?"

"தப்போ என்னமோ," என்றாள் வடிவு. "நாலு வருஷம் கழிச்சு இப்பத்தான் அவுக சிரிக்காக. நான் எந்த வாயால நிறுத்துங்கன்னு சொல்ல?"

ஒரே பக்கமாக அத்தனை நாள் திருகினால் இறுகின பசையும் ஒருநாள் பொடிந்துதான் ஆகவேண்டும். மாசி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அது பொடிந்தது. கட்டியாக இருந்த திருகி இளகி, ஆனால் பல் தேய்ந்துபோய், பம்பரம் மாதிரி தன்பாட்டுக்குச் சுற்ற ஆரம்பித்தது. பேனா அவர் கையிலேயே சுழன்றது. வீடும் சுழன்றது. அதிவேகம் ஒன்றும் இல்லை. ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்து முடிக்கிற நேரத்துக்கு ஒரு சுற்று. ஆனால் அது நிற்கவில்லை. லைன்மேன் ஓடிவந்து வயரைக் கழற்றிவிட்டார், ரப்பர்க் குழாய் தானாகவே பிய்த்துக்கொண்டது.

வடிவு அந்த நேரம் பால் வாங்கப் போயிருந்தாள். தூக்குவாளியோடு திரும்பி வந்தவள், தன் வீட்டுச் சுவர் தன்னைக் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாசல் வந்தது; வந்த வேகத்தில் போய்விட்டது. சன்னல் வந்தது. சன்னலில் அவர் முகம் தெரிந்தது, நாலு வருஷத்தில் இல்லாத பளபளப்போடு.

"ஓடி ஏறு வடிவு! கம்பியப் பிடி! எடது கால முதல்ல வை!"

வாசல் மறுபடி வந்தபோது அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாய்ந்தாள். ஐம்பத்தொரு வயதில் அவள் எதிலும் ஓடி ஏறினதில்லை. கால் படியின் விளிம்பில் பட்டு வழுக்கியது. தூக்குவாளி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். முழங்கால் கருங்கல்லில் மோதிய சத்தம் கனியின் பட்டறை வரைக்கும் கேட்டது.

அவருக்கும் கேட்டது. ஆனால் சன்னல் அதற்குள் தாண்டிப் போயிருந்தது. அரிசி ஆலைச் சுவர் வந்தது. குளம் வந்தது. பள்ளிக்கூடம் வந்தது. "வடிவு! ஏட்டி வடிவு!" என்று கூப்பிட்டார், பதில் இல்லை. எழுந்து பார்க்க முடியாது, திரும்பிப் பார்க்க முடியாது, வீடு தன் நேரத்துக்குச் சுற்றிவந்து காட்டுகிறபோதுதான் பார்க்க முடியும். "நிறுத்து!" என்று அவர் கத்தினார், வீட்டைப் பார்த்து, சுவரைப் பார்த்து, யாரும் இல்லாத முன்னறையைப் பார்த்து. "நிறுத்துங்கலே வண்டிய!"

சன்னல் திரும்பி வந்தபோது வடிவு தரையில் உட்கார்ந்திருந்தாள், கனியின் தோளில் சாய்ந்து, கொட்டிய பாலுக்கு நடுவில். பரமார்த்தலிங்கம் கையில் சுழன்றுகொண்டிருந்த பேனாவைச் சன்னல் கம்பி வழியாக வெளியே எறிந்தார்.

கனி அதை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு ஓடினாள். கம்பியும் சுத்தியலும் புதுத் திருகியும் எடுத்துக்கொண்டு திரும்பி ஓடிவந்தாள். தெருவிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து தேய்ந்த திருகியைத் தட்டி எடுத்தாள், குழாயைத் துடைத்தாள், புதியதை வாயில் நிறுத்திக் கட்டைவிரலை மேலே வைத்தாள். இனி ஒரு அழுத்து அழுத்தினால் போதும். வீடு சுற்றிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி!" என்று சன்னல் வருகிற நேரம் பார்த்துக் கேட்டாள். "எந்தப் பக்கம் பாத்து நிறுத்த?"

"அவகிட்டக் கேளு," என்ற குரல் நகர்ந்து போனது.

வடிவு வீங்கத் தொடங்கிய முழங்காலைப் பிடித்துக்கொண்டு வீட்டைப் பார்த்தாள். ஒரு சுற்றுப் போனது. இன்னொரு சுற்றுப் போனது. தெரு முழுக்கக் கூடி நின்றது. கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் வந்த நாள் முதல் அது எப்படி இருக்கவேண்டும் என்று அவளை ஒருவரும் கேட்டதில்லை. அதனால் பதில் தேட அவளுக்கு நேரம் பிடித்தது.

"வாசல் பழையபடி தெருவப் பாத்து நிக்கட்டும்," என்றாள்.

கனி நிமிர்ந்து பார்த்தாள். "மைனி, அப்படின்னா சன்னலு..."

"தெரியும்."

ஒரு கணம் பிந்தி அழுத்தினால் போதும், சுவருக்கும் தெருவுக்கும் இடையில் ஒரு சாண் அகல வெளிச்சமாவது அந்த மனிதருக்குத் தெரியும் என்று கனி நினைத்தாள். ஆனால் ஏற்கெனவே ஒரு அவசரத்தில் முப்பத்தோரு வீட்டைக் குலைத்தவள் அவள். இன்னொருத்தியின் சொல்லைத் தன் இஷ்டத்துக்கு வளைக்க அவளுக்குக் கை வரவில்லை. வாசல் தெருவுக்கு நேராக வந்தது. அழுத்தினாள். வீடு தடாலென்று நின்றது. ஓடுகள் இரண்டு சரிந்து விழுந்தன.

அன்று சாயங்காலம் அவரிடம் பேனாவைக் கொண்டுபோய்க் கொடுத்தாள் கனி. திருகிப் பார்த்தார், முனை வந்தது, திருகினார், போனது. பக்கத்தில் வைத்துவிட்டார். சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

பங்குனி பிறந்து, வடிவின் கால் தேறி, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவள் கனியின் பட்டறைக்கு வந்தாள். அரக்கு நிறத்தில் சேலை கட்டியிருந்தாள், தலையில் பூ.

"ஒரு நாளைக்கு அவுக பக்கத்துல இரேன் கனி. மாவு அரைச்சு வச்சிருக்கேன், வாரவங்களுக்கு ஊத்திக் குடு. நான் வெளிய போயிட்டு வாரேன்."

"எங்க மைனி?"

"சும்மா. வீடுதான் இனி வச்ச எடத்துல நிக்குமே."

கனி போய் இருந்தாள். கட்டிலில் இருந்தவர் பத்து மணிக்கு, "எந்த வண்டி ஏறினா?" என்றார். ஒன்பதரை மணல்மேட்டு வண்டியில் ஏறியதைப் பார்த்ததாகக் கனி சொன்னாள். "அப்ப இன்னேரம் பனையடி விலக்குத் தாண்டியிருக்கும்," என்றார். பதினொரு மணிக்கு, "மணல்மேட்டுல நிழலே கிடையாது, குடை எடுத்துட்டுப் போனாளா?" என்றார். மத்தியானம் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டார். மூன்று மணிக்கு மேல் கேள்விகள் நெருங்கி நெருங்கி வந்தன. மூணே முக்கால் வண்டியை விட்டிருப்பாளோ? அடுத்தது ஐந்தரைக்குத்தானே? பேனாவை எடுத்துத் திருகினார், நிறுத்தினார், திருகினார். அது முனையை நீட்டி நீட்டி இழுத்ததே ஒழிய வீடு ஒரு நூல் அசையவில்லை. வெளியே செருப்புச் சத்தம் கேட்டபோதெல்லாம் தலையைத் தூக்கினார். வந்தவர்கள் மாவு வாங்க வந்தவர்கள்.

"கனி," என்றார் திடீரென்று. "வேலைக்குப் போன காலத்துல நான் வர நேரமாச்சுன்னா அவ வீட்டுல என்ன செய்வா?"

"எனக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி?"

"எனக்கும் தெரியாது," என்றார். வெகுநேரம் கழித்து மறுபடியும், "இருபத்தொன்பது வருஷம். எனக்கும் தெரியாது," என்றார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் வடிவு வந்தாள். தலைப்பூ வாடி, முகமெல்லாம் செம்மண் புழுதி. நேரே பின்னறைக்கு வந்து, அடுப்படிப் பக்கம் திரும்பாமல், கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவர் அவளையே பார்த்தார். எங்கே போனாய், ஏன் இவ்வளவு நேரம் என்றெல்லாம் கேட்கப் போகிறார் என்று கனி நினைத்தாள்.

"உக்கார எடம் கெடச்சுதா?" என்றார்.

"சன்னலோரம் கெடச்சுது. கடைசி வரைக்கும் போயிட்டு, அதே வண்டியில உக்காந்து திரும்பி வந்து, மறுபடியும் ஒரு தடவ போயிட்டு வந்தேன்."

"அப்ப மணல்மேட்டுல எறங்கவே இல்லையா?"

"எறங்கி எங்க போவ? வழியப் பாக்கத்தான போனேன்."

அவர் தலையணையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். பிறகு, "சொல்லு," என்றார்.

"என்னத்தச் சொல்ல? நீங்க பாக்காத வழியா?"

"நான் எங்கட்டி பாத்தேன். இருபத்தொன்பது வருஷமும் சன்னலுக்கு முதுகக் காட்டிக்கிட்டு டிக்கெட்டுதான் கிழிச்சேன். முதல்ல இருந்து சொல்லு."

வடிவு காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்துக்கொண்டாள். முழங்காலை நீவிக்கொண்டு, எங்கே ஆரம்பிப்பது என்று யோசித்தாள்.

"பாலத்தத் தாண்டினதும் எடது கைப்பக்கம் ஒரு வீடு," என்றாள். "மாடியில பச்சைக் கலர் அடிச்சிருக்கான். ஒரு பொம்பள அங்கன நின்னு தல காயவச்சிட்டு இருந்தா. எங்களைப் பாத்துக் கையக் காட்டினா, யாருன்னே தெரியாது. நானும் காட்டினேன்."

"பெறகு?"

"பெறகு ஒரு வாழத்தோட்டம்..."